மலை நிறையப் பூக்கும் செடியும் அரிய செடியா?

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்க வேண்டும். பூக்கும் ஆண்டில் மூணாறு, கொடைக்கானல், நீலகிரி மலைகளின் புல்வெளிச் சரிவுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலமாகிவிடும். ஒரே ஒரு சரிவில் எத்தனை செடிகள் நிற்கின்றன என்று எண்ணி முடிப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட செடியைத்தான், உலக அளவில் உயிரினங்களின் நிலையைக் கணிக்கும் செம்பட்டியல் 2024இல் ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற வகையில் சேர்த்தது. இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்திய மலைப் பகுதியில், யூஜீனியா சிங்கம்பட்டியானா என்ற சிறுமரம் வளர்கிறது. நாவல் குடும்பத்தைச் சேர்ந்த இதை அங்கு வாழும் காணிப் பழங்குடி மக்கள் காட்டுக் கொரண்டி என்கிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத இந்த மரம் இருப்பதோ மிகச் சில. அதுவும் செம்பட்டியலில் இருக்கிறது. குறிஞ்சியைவிட இரண்டு படி மேலே, ‘மிக அருகிய இனம்’ என்று. மலையையே மூடிப் பூக்கும் புதரும் தேடித் திரிந்தால்தான் கண்ணில் படும் மரமும் ஒரே பட்டியலில் எப்படி இடம்பெறுகின்றன?

அரிதாக இருப்பது வேறு, அழியும் நிலையில் இருப்பது வேறு என்பதில் விடை தொடங்குகிறது. அமெரிக்கச் சூழலியலாளர் டெபோரா ராபினோவிட்ஸ் 1981இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரு தாவரம் எவ்வளவு பரந்த நிலப்பரப்பில் காணப்படுகிறது, எத்தனை விதமான இடங்களில் வளர முடிகிறது, வளரும் இடத்தில் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று மூன்று கேள்விகளை அவர் எழுப்பினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள் உண்டு. சேர்த்துப் பார்த்தால் எட்டு நிலைகள். பரந்த பரப்பில், பலவகை இடங்களில், ஏராளமாக வளரும் ஒரே ஒரு நிலைதான் சாதாரணத் தாவரத்தின் நிலை. மற்ற ஏழும் ஏழு விதமான அருமை. குறிஞ்சி இருக்கும் இடத்தில் ஏராளமாகவே இருக்கிறது. ஆனால் அது தென்னிந்திய மலைகளில் மட்டும் வாழ்கிறது, அங்கும் உயரமான புல்வெளிச் சரிவுகளைத்தான் நம்பியிருக்கிறது. மூன்று கேள்விகளில் இரண்டில் அது அரிய செடி. சிங்கம்பட்டி மரமோ மூன்றிலுமே அரிது.

மலைகளில் இத்தகைய தாவரங்கள் திரண்டிருப்பதற்குக் காரணம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறு டிகிரி செல்சியஸ் குறைகிறது. கோவையில் வெயில் கொளுத்தும் நாளில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் கம்பளி தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் அங்கே உறைபனி விழுகிறது. அந்தக் குளிருக்குப் பழகிய செடியால் கீழே இறங்கி வாழ முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாயும், அகத்திய மலைக்கும் அதற்கு வடக்கே உள்ள மலைகளுக்கும் நடுவே செங்கோட்டைக் கணவாயும் வெப்பமான தாழ்நிலங்களாகக் கிடக்கின்றன. எனவே ஒவ்வொரு மலையுச்சியும் தனித்துவிட்ட ஒரு தீவு. சூழலியலாளர்கள் இவற்றை ‘வானத் தீவுகள்’ என்று அழைக்கிறார்கள். தனித்துவிடப்பட்ட செடிக்கூட்டம் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறி வேறோர் இனமாகிறது. ஓரிடத்துக்கே உரிய இத்தகைய செடிகள் அகணியத் தாவரங்கள் எனப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதுவரை பதிவான பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ 7,400. அவற்றுள் சுமார் 1,270 அகணியத் தாவரங்கள், அதாவது ஆறில் ஒன்று. காசித்தும்பைப் பேரினத்தில் இந்த விகிதம் இன்னும் வியப்பானது. ஈரப்பாறைகளிலும் மரக்கிளைகளிலும் ஒட்டி வளரும் அதன் மலை இனங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மலைத்தொடரை விட்டு வெளியே கிடையாது.

தீவுகள் எப்போதும் தீவுகளாக இருந்ததில்லை. நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு இமயமலையின் ரோடோடென்ட்ரான் மரத்துக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் வெப்பநிலம். அது எப்படி இங்கே வந்தது என்ற கேள்விக்குப் பனியுகக் காலத்துக் குளிர் ஒரு விடையாகச் சொல்லப்படுகிறது: பூமி இன்றைவிடக் குளிர்ந்திருந்த காலங்களில் குளிர்விரும்பித் தாவரங்கள் தாழ்ந்த குன்றுகளிலும் பரவியிருந்தன, வெப்பம் கூடியபோது உச்சிகளுக்கு ஒதுங்கிக்கொண்டன.

பழைய காலநிலையைப் பற்றி இவ்வளவு துணிவாகப் பேச நீலகிரியின் சதுப்புகள் சான்று தருகின்றன. புல்வெளிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் முழுதும் மக்காத தாவர எச்சங்கள் அடுக்கடுக்காகப் படிந்து ‘பீட்’ என்னும் கரிமண்ணாகியிருக்கின்றன. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறை வேறு வேறு. ஆதலால் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் அணு இரண்டின் உடலிலும் வேறு வேறு அளவில் சேர்கிறது. செடி மக்கி மண்ணான பிறகும் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் கரிமண் அடுக்குகளின் வயதையும் கார்பன்-13 அளவையும் அளந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இருபதாயிரம் ஆண்டுகளாக அங்கே புல்லும் மரமும் காலநிலைக்கு ஏற்ப மாறி மாறிக் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன என்று அது காட்டியது. மலையுச்சிப் புல்வெளி, மனிதர் காட்டை வெட்டியதால் உண்டானதன்று. மனிதர் அங்கே நிலம் திருத்தத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே இருந்தது. இந்தச் செய்தி பின்னால் மிகவும் தேவைப்படும்.

ஒரு தாவரம் எந்த அளவு ஆபத்தில் இருக்கிறது என்பதை முன்பெல்லாம் வல்லுநர்கள் அனுபவத்தை வைத்தே சொன்னார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1948இல் தோன்றியது. 1964இல் செம்பட்டியலைத் தொடங்கியது. முதல் முப்பது ஆண்டுகள் அதிலும் ‘அரியது’, ‘ஆபத்தில் உள்ளது’ போன்ற பொதுச் சொற்களே அளவுகோல். இருவர் ஒரே செடியை இரண்டு விதமாக மதிப்பிட அதில் இடமிருந்தது. 1994இல் எண்களை அடிப்படையாகக் கொண்ட விதிகள் வந்தன. 2001இல் அவை திருத்தப்பட்டு இன்றுவரை நடைமுறையில் உள்ளன. கவலை குறைந்த இனம், அச்சுறு நிலையை அண்மித்த இனம், அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம், இயலிடத்தில் அற்றுவிட்ட இனம், அற்றுவிட்ட இனம் என்று படிகள் ஏறுகின்றன. நடுவில் உள்ள மூன்று படிகளில் ஒன்றில் நிற்கும் இனத்தையே ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்று சொல்கிறார்கள். மதிப்பிடத் தகவல் போதாத இனத்துக்குத் ‘தரவு போதாதது’ என்று தனி வகை உண்டு. எந்தப் படி என்று முடிவு செய்ய ஐந்து அளவுகோல்கள் இருக்கின்றன. ஐந்தில் ஒன்று பொருந்தினாலே போதும்.

மலைத் தாவரங்களுக்கு அதிகம் பயன்படுவது பரப்பு பற்றிய அளவுகோல். அதில் இரண்டு வகைப் பரப்புகள் கணக்கிடப்படுகின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வது எளிது. உடன்பிறந்த மூவரில் ஒருவர் நாகர்கோவிலிலும் ஒருவர் கோவையிலும் ஒருவர் சென்னையிலும் குடியிருப்பதாகக் கொள்வோம். வரைபடத்தில் மூன்று ஊர்களையும் ஒரு நூலால் சுற்றினால் தமிழ்நாட்டின் பரந்த பகுதி ஒன்று அந்த நூலுக்குள் வந்துவிடும். அவர்கள் உண்மையில் குடியிருக்கும் மனைகளைக் கூட்டினாலோ சில சென்ட் தேறும். நூலுக்குள் அடங்குவதைப் ‘பரவல் எல்லை’ என்றும், மனைகளின் கூட்டுத்தொகையை ‘உறைவிடப் பரப்பு’ என்றும் சொல்லலாம். பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தால் அழிவாய்ப்பு, 5,000க்குக் குறைந்தால் அருகிய, 100க்குக் குறைந்தால் மிக அருகிய என்ற படிகள் பேச்சுக்கு வருகின்றன. உறைவிடப் பரப்புக்கு இந்த எண்கள் 2,000, 500, 10. உறைவிடத்தை அளக்க வரைபடத்தின் மேல் இரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களை இட்டு, செடி இருக்கும் கட்டங்களை எண்ணுகிறார்கள். ஒரு கட்டம் நான்கு சதுர கிலோமீட்டர். ஒரே ஒரு சிகரத்தில் மட்டும் வாழும் செடி ஒன்றிரண்டு கட்டங்களைத் தாண்டுவதில்லை. அளவைப் பொறுத்தவரை அது நேரே கடைசிப் படிக்குப் போய்விடும்.

ஆனால் பரப்பு சிறியது என்பதற்காக மட்டும் ஒரு செடியை ஆபத்தில் உள்ளது என்று அறிவிக்க விதிகள் இடம் தருவதில்லை. யாரும் எட்டாத செங்குத்துப் பாறையில் பல்லாயிரம் ஆண்டுகளாக நிம்மதியாக வாழும் செடியின் பரப்பு எப்போதுமே சிறியதுதான். எனவே கூடுதலாக இரண்டு நிபந்தனைகளாவது நிறைவேற வேண்டும்: சிதறிக் கிடப்பது அல்லது மிகச் சில இடங்களில் மட்டும் இருப்பது, தொடர்ந்து குறைந்து வருவது, எண்ணிக்கையில் பெரும் ஏற்ற இறக்கம் காண்பது ஆகிய மூன்றில் இரண்டு. இங்கே ‘இடம்’ என்பதற்கும் தனிப் பொருள் உண்டு. ஒரே காட்டுத்தீயோ ஒரே சாலைப் பணியோ ஒட்டுமொத்தமாக அழித்துவிடக்கூடிய பகுதி முழுவதும் ஓர் இடம். மூன்று சரிவுகளில் ஒரு செடி வளர்ந்தாலும் மூன்றையும் ஒரே தீ எரித்துவிடும் என்றால் அது ஓரிடமே. செடியின் பரப்பை மட்டுமன்றி அதற்கு வரும் கேட்டின் பரப்பையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த முறை மிக நேர்த்தியானது.

எண்ணிக்கையை நேரடியாகப் பார்க்கும் அளவுகோலும் இருக்கிறது. அதில் நாற்றுகளும் கன்றுகளும் சேர்வதில்லை. பூத்துக் காய்த்து இனம் பெருக்கக்கூடிய முதிர்ந்த செடிகள் மட்டுமே கணக்கு. அவை ஆயிரத்துக்கும் குறைந்தால் அழிவாய்ப்பு, 250க்குக் குறைந்தால் அருகிய, 50க்குக் குறைந்தால் மிக அருகிய.

குறிஞ்சி இந்த இரண்டு வழியிலும் பட்டியலுக்குள் வரவில்லை. அதைக் கொண்டுவந்தது வீழ்ச்சியை அளக்கும் அளவுகோல். கடந்த பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்தில், ஓர் இனம் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அது அழிவாய்ப்பு இனம். 50 விழுக்காடு குறைந்தால் அருகிய, 80 விழுக்காடு குறைந்தால் மிக அருகிய இனம். குறிஞ்சி முளைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதையிட்டு, மடிகிறது. அதன் ஒரு தலைமுறை பன்னிரண்டு ஆண்டு என்றால் மூன்று தலைமுறை 36 ஆண்டு. பின்னோக்கி அவ்வளவு தூரம் பார்க்கும்போது தேயிலைத் தோட்டம், மரத்தோட்டம், விடுதிகள், சாலைகள் என்று அது இழந்த சரிவுகள் கணக்கில் ஏறுகின்றன. எத்தனை லட்சம் செடிகள் மிஞ்சியிருக்கின்றன என்பது அந்த அளவுகோலுக்குப் பொருட்டன்று; இருந்ததில் எத்தனை பங்கு போயிற்று என்பதே கேள்வி. மெதுவாகத் தலைமுறை மாறும் செடி மெதுவாகவே மீளும். பூத்து முடிந்து செடிகள் மடிந்த நிலையில், விதைகள் முளைக்கும் முன் ஒரு சரிவு பறிபோனால் அங்கே மீண்டும் தழைக்கத் தாய்ச்செடி ஒன்றுகூட மிஞ்சாது.

இத்தனை எண்களும் எங்கிருந்து கிடைக்கின்றன? முதல் ஆதாரம் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பு. செடியின் கிளையைப் பூவோடு அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று ஓரத்தில் எழுதி வைப்பது தாவரவியலின் பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட் ஆயிரக்கணக்கில் இப்படிச் சேகரித்தார். அவருடைய நூல்களுக்கு ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள் வரைந்த படங்கள் இன்றும் இனங்காணப் பயன்படுகின்றன. அவருக்குப் பின் வனத்துறை அதிகாரி பெட்டோம் அகத்திய மலை முதல் நீலகிரி வரை சேகரித்தார். தாவரவியலாளர் ஃபைசன் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றி 1915 முதல் நூல் எழுதினார். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே. எம். மாத்யூ 1999இல் பழனி மலைகளின் தாவரங்களை மூன்று தொகுதிகளில் தந்தார். கோவையில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள தொகுப்பு இந்தப் பகுதிக்கு மிக முக்கியமானது. அங்குள்ள ஒவ்வொரு தாளும் ஒரு செடி ஒரு நாளில் ஓரிடத்தில் உயிரோடு இருந்தது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி.

அந்தத் தாளில் எழுதியுள்ள இடத்துக்கு மீண்டும் போய்த் தேடுவது அடுத்த வேலை. இதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. கண்டால் கண்டதாக எழுதலாம். காணாவிட்டால் இல்லை என்று எழுத முடியாது. சோலை எனப்படும் மலைக்காட்டின் அடியில் வளரும் குறிஞ்சி வகைகள் பல, பூக்காத ஆண்டுகளில் ஒன்றுபோலவே தெரியும். ஆர்க்கிடுகள் பல கிழங்கு வடிவில் மண்ணுக்குள் உறங்கும். தவறான பருவத்தில் போனவர் செடியின் மேலேயே நடந்துவிட்டுத் திரும்பக்கூடும். ஆகவே, உரிய பருவங்களில் முழுமையாகத் தேடியும் கடைசிச் செடியும் மடிந்துவிட்டது என்பதில் ஐயமே இல்லாதபோதுதான் ஓர் இனத்தை அற்றுவிட்டது என்று அறிவிக்க வேண்டும் என்கின்றன விதிகள். சிங்கம்பட்டி மரமே இதற்கு எடுத்துக்காட்டு. பெட்டோம் விவரித்த பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படாததால் அது அற்றுப்போயிருக்கலாம் என்று கருதப்பட்டது. பின்னர் களக்காடு முண்டந்துறைப் பகுதியில் மீண்டும் காணக் கிடைத்தது. பழனி மலையில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பிரான்சுவா பிளாஸ்கோ சேகரித்த உருத்திராட்சப் பேரினத்து மரத்துக்கு 1970களில் அவர் பெயராலேயே எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்று பெயரிட்டார்கள். அதுவும் ஆண்டுக்கணக்கில் தொலைந்ததாக எண்ணப்பட்டுப் பிறகு கண்டெடுக்கப்பட்டது. 1753 முதல் உலகில் 571 விதைத்தாவர இனங்கள் அற்றுப்போயிருக்கின்றன என்று 2019இல் ஓர் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. அப்போதே, அற்றுப்போனதாக எழுதப்பட்டு மீண்டும் கண்டறியப்பட்ட தாவரங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதையும் அது காட்டியது.

செம்பட்டியலின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை எம். பி. நாயரும் ஏ. ஆர். கே. சாஸ்திரியும் இந்தியத் தாவரங்களுக்கான சிவப்புத் தரவு நூலை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். அது பெரும்பணி. ஆனால் எண் விதிகள் வருவதற்கு முந்தையது. 1998இல் உலகில் ஆபத்தில் உள்ள மரங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மதிப்பிட்டபோது மேற்குத் தொடர்ச்சி மரங்கள் பலவும் பட்டியலேறின. அவற்றுள் பலவற்றை அதன்பின் நெடுங்காலம் யாரும் மறுமதிப்பீடு செய்யவில்லை. பழைய விதிப்படி, பழைய தகவலைக் கொண்டு, களத்துக்குப் போகாமல் எழுதிய நிலையை இன்றைய நிலை என்று எடுத்துக்கொள்வது தவறு. ஒரு செடி பட்டியலில் இல்லை என்பதும் அது நலமாக இருக்கிறது என்று பொருள்படாது. பெரும்பாலும் அதை யாரும் இன்னும் மதிப்பிடவில்லை என்றே பொருள். பாசிகளுக்கும் மரப்பாசிகளுக்கும் சிறு பூண்டுகளுக்கும் இந்தக் குறை மிகக் கூடுதல்.

இந்த மலைத் தாவரங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய செயற்கைக்கோள் படங்கள் பெரிதும் உதவியிருக்கின்றன. பழனி மலைகளின் பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. நாற்பது ஆண்டுகளில் அங்கே மலையுச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று அது காட்டியது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவை பெரும்பாலும் மரங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை என்று மலைவாசிகள் அழைக்கும் வாட்டில், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ், பைன் ஆகியவற்றைத் தோல் பதனிடும் துவர்ப்பொருளுக்கும் காகிதக் கூழுக்கும் விறகுக்கும் அரசே வளர்த்தது. மரமில்லாத நிலம் வீணாய்க் கிடக்கும் தரிசு என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலம் தொட்டு நிர்வாகத்தில் ஊறியிருந்தது. நீலகிரிச் சதுப்பின் கரிமண் சொன்ன செய்தி இந்த எண்ணத்துக்கு நேர்மாறானது. அது தெரியவருவதற்கு முன்பே பெரும்பாலான மரத்தோட்டங்கள் எழுந்துவிட்டன. வெயிலில் வளரப் பழகிய புல்வெளிச் செடிகளுக்கு வாட்டில் நிழல் மரணம். நட்ட இடத்தோடு வாட்டில் நிற்பதுமில்லை. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, தீ எரிந்ததும் அல்லது மரம் வெட்டப்பட்டதும் கூட்டமாக முளைக்கிறது. உண்ணிச்செடியும் ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூப் புதர்களும் மிச்சத்தை நெருக்குகின்றன.

சில செடிகளுக்கு அவற்றின் அழகே எமனாயிற்று. தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிடான பாபியோபெடிலம் ட்ரூரியை 1865இல் ஹீபர் ட்ரூரி அகத்திய மலையில் கண்டார். மஞ்சள் இதழில் கருஞ்சிவப்புக் கோடோடும் அந்தப் பூ பின்னர் நெடுங்காலம் காணாமற்போய், 1970களின் தொடக்கத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. கண்டறிந்த செய்தி பரவியதும் ஆர்க்கிடு சேகரிப்பவர்கள் அதைத் தேடிப் பிடுங்கினார்கள்; காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. இன்று அது மிக அருகிய இனம். இதனால்தான் ஆய்வாளர்கள் இப்போதெல்லாம் அரிய செடியின் துல்லியமான இருப்பிடத்தைக் கட்டுரைகளில் வெளியிடுவதில்லை.

வெப்பமாதல் இவற்றுக்கெல்லாம் மேலான கவலை. சமவெளிச் செடி குளிர்ச்சி தேடி வடக்கே நகரலாம், மலைச்சரிவில் ஏறலாம். உச்சியில் நிற்கும் செடிக்கு ஏற இடமில்லை. உறைபனிதான் சோலை மரக்கன்றுகளையும் வாட்டில் கன்றுகளையும் புல்வெளிக்குள் வரவிடாமல் ஓரளவு தடுத்து வந்தது. உறைபனி நாட்கள் குறையக் குறைய அந்தத் தடையும் தளரும்.

செம்பட்டியல் ஒரு சட்டமன்று. அதில் இடம்பெறுவதால் மட்டும் ஒரு செடியைப் பிடுங்குவது குற்றமாகிவிடாது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தாவரங்களுக்கான அட்டவணையில் நெடுங்காலம் ஆறு பெயர்களே இருந்தன. செருப்பு ஆர்க்கிடுகள் அவற்றில் ஒன்று. மற்ற செடிகளுக்கு அவை வாழும் நிலத்தைக் காப்பதே காப்பு. முக்குருத்தி தேசியப் பூங்காவும் இரவிகுளமும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் வரையாட்டுக்காகவும் சிங்கவால் குரங்குக்காகவும் புலிக்காகவும் பேசப்படுகின்றன. அங்கே அடங்கியிருக்கும் அகணியத் தாவரங்கள் அந்த விலங்குகளின் தயவில் பிழைத்திருக்கின்றன. குறிஞ்சிக்கென்றே கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் ஒரு சரணாலயம் அறிவித்தது; தாவரத்துக்காக அமைந்த சரணாலயங்கள் இந்தியாவில் மிகக் குறைவு.

அழிந்த நிலத்தை மீட்கும் முயற்சியும் நடக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஊடுருவித் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை ஏற்றது. ஆனால் எல்லா வாட்டிலையும் ஒரேயடியாக வெட்டித் தள்ளுவது தீர்வாகாது. வெட்டிய இடத்தில் உறங்கும் விதைகள் முளைத்து முன்னிலும் அடர்ந்த புதராகும். ஆண்டுதோறும் கன்றுகளைக் கையால் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டு, பல ஆண்டு கவனித்தால்தான் புல்வெளி திரும்பும். பழைய தோட்டங்கள் சிலவற்றில் அயல் மரங்களின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் முளைத்து வளர்கின்றன. அங்கே வெட்டாமல் விட்டுச் சோலையாக மாறவிடுவதே அறிவுடைமை. எந்தச் சரிவில் எதைச் செய்வது என்பது அந்தச் சரிவு முன்பு புல்லாக இருந்ததா சோலையாக இருந்ததா என்பதைப் பொறுத்தது.

நிலத்துக்கு வெளியே காப்பது இரண்டாம் காப்பு. சோலை மரங்கள் பலவற்றின் விதைகளை உலர்த்தினால் செத்துவிடும். நெல் விதைபோல் குளிரூட்டி விதை வங்கியில் சேமிக்க முடியாது. அவற்றைத் தோட்டங்களில் மரமாகவே வளர்த்து வைக்க வேண்டும். ஆர்க்கிடு விதைக்கோ உணவுச் சேமிப்பே கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சையின் துணையோடுதான் இயற்கையில் முளைக்கும். திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்டம் ஆர்க்கிடுகள் சிலவற்றைச் சோதனைக்கூடத்தில் ஊட்டக் கரைசலில் வளர்த்து மீண்டும் காட்டில் நட்டிருக்கிறது. இது அவசரத்துக்கு உதவும். புல்வெளியும் சோலையும் இல்லாமல் போனால், நட்டுவைக்க இடமில்லாத கண்ணாடிக்குடுவைச் செடிகள்தான் மிஞ்சும்.

மலைக்கு மரம் நடப் போகும் பள்ளிகளும் அமைப்புகளும் தன்னார்வலர்களும் ஒன்றை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்: நடப்போகும் இடம் முன்பு சோலையா, புல்வெளியா என்று. வனத்துறையிடமும் அந்த மலையில் பரம்பரையாக வாழ்பவர்களிடமும் கேட்டால் தெரியும். புல்வெளி என்றால் அங்கே எந்த மரமும் நடக்கூடாது, அது சோலை மரமே ஆனாலும்.